பன்னிரண்டு டிகிரி குறைவு

ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு சகலைகள் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தால் என்ன ஆகும்? மூத்தவருக்கு வயிறு எரியும்.

பெரியவர் பதினோரு வருஷமாக அங்கே நுண்ணலைக் கருவியைக் கட்டி மேய்ப்பவர். சின்னவன் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் காலப் படிகம் கண்டுபிடித்தவன் என்று பேர் வாங்கிவிட்டான். மாமனார் போன் பண்ணினாலும், "சின்ன மாப்பிள்ளை எப்படி இருக்கார்?" என்றுதான் ஆரம்பிப்பார், அதுவும் பெரியவரிடமே.

விஷயம் இவ்வளவுதான். ஒரு வைரத் துணுக்குக்குள் இருக்கும் அணுக்களை நுண்ணலையால் சீராகத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒரு தட்டுக்குத் தலைகீழாகும், அடுத்த தட்டுக்கு நேராகும். தட்டு சரியாக நூற்றெண்பது டிகிரி விழுந்தால் இதில் அதிசயமே இல்லை. தட்டு குறைந்தாலும் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, பிசகாமல் இரண்டாவது தட்டுக்கு நேராக வந்து நின்றால்தான் அது காலப் படிகம். சின்னவன் மூன்று டிகிரி வரை குறைத்துக் காட்டியிருந்தான். அதற்கு மேல் குறைக்க அவனுக்கே பயம்.

அன்று மதியம் தேர்வுக் குழு பார்க்க வருகிறது. சோதனை தேறினால் கூடத்தின் தலைமைப் பதவி சின்னவனுக்கு, சொதப்பினால் பெரியவருக்கு. காலையில் மனைவி வேறு, "தங்கச்சி வீட்டுக்காரர் உங்களுக்கே மேலதிகாரியா வந்துட்டா, அவரை எப்படிங்க கூப்பிடுவீங்க?" என்று வெள்ளந்தியாகக் கேட்டு வைத்தாள். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் பெரியவர் கணினி முன் உட்கார்ந்தார். தட்டின் அளவு 177 டிகிரி என்றிருந்ததை அழித்துவிட்டு 168 என்று போட்டார். இருபது தட்டுக்குள் அணுக்கள் தறிகெட்டுப் போகும், சின்னவன் முகத்தில் ஈயாடாது என்று கணக்குப் போட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் செய்தார்.

குழு வந்தது. திரையில் கோடு மேலே, கீழே, மேலே, கீழே என்று ஓடியது. இருபது தட்டு, ஐம்பது, முந்நூறு. இம்மி பிசகவில்லை. குழுத் தலைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையின் ஓரத்தைப் பார்த்தார்.

"நூத்தி அறுபத்தெட்டா? இவ்வளவு குறைச்சுமா நிக்குது? யாரு வெச்சது இதை?"

சின்னவன் திடுக்கிட்டு அந்த எண்ணைப் பார்த்தான். அதன் பக்கத்திலேயே, மாற்றியவர் யார் என்ற இடத்தில், பெரியவரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. கணினி பெயரையும் பதிந்துகொள்ளும் என்பதை அவசரத்தில் அவர் மறந்தே போயிருந்தார்.

"நான்தாங்க," என்றார் பெரியவர்.

"எதுக்கு இவ்வளவு குறைச்சீங்க?"

பொய் சொல்ல நாக்கு புரளவில்லை. "கவுத்துடலாம்னுதான்."

குழு மொத்தமும் கொல்லென்று சிரித்தது. "சோதனைன்னா இப்படி ஒரு ஆள் வேணும்! இவரே கவுக்கப் பார்த்தும் கவுழலையே, இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்று தலைவி பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சின்னவன் மட்டும் சிரிக்காமல் சகலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.