கீழே விழாத பொந்து

பொட்டலேந்தல் கண்மாய்க்கரையில் நின்ற மருதமரத்தை வெட்டிச் சாய்த்தபோது அதிலிருந்த பொந்து மட்டும் கீழே விழவில்லை. இது நடந்தது 2018 மார்கழியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு. மரத்தை அறுத்தவர் பந்தல்குடிக்காரர் பூமிநாதன். மிசின் ரம்பம் பிடித்து இருபத்திரண்டு வருடம் பழகிய கை. ஏலம் எடுத்தவரின் லாரி கரைக்குக் கீழே காத்து நின்றது. மரத்தைத் துண்டு போட்டபோது தூரிலிருந்து கவட்டை வரை ஒரு விரல் நுழையும் ஓட்டைகூட இல்லை. இவ்வளவு நிறைவான மருதத்தைப் பார்த்ததே இல்லை என்று அறுவை மில்லில் சொன்னார்கள். ஆனால் அன்று காலையில், இருபத்தைந்தடி உயரத்தில், ஒரு மரத்தாரா வாத்து பொந்துக்குள் நுழைந்ததைப் பூமிநாதன் பார்த்திருந்தார். பார்த்த பிறகுதான் கயிற்றை இழுத்து மிசினைக் கிளப்பினார்.

சாயங்காலம் அதன் ஜோடி வந்தது. வெறும் வானத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, சீழ்க்கை அடித்து, மரம் இருந்தபோது பொந்து எங்கே இருந்ததோ அங்கே போய்க் காணாமல் போனது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அய்யப்பன் இதைப் பார்த்து ஊரில் சொன்னார். பத்தொன்பதாம் நாள் காலை தாய்த்தாரா கீழே நின்று கூப்பிட, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குதித்தன. பதினொரு குஞ்சுகள். பஞ்சு உருண்டைபோல் சருகில் விழுந்து, எழுந்து, வரிசையாக நடந்து கண்மாய்த் தண்ணீரில் இறங்கின. அந்த வாரம் முழுக்க ஊரில் இதே பேச்சாக இருந்தது. அடுத்த வாரம் மிளகாய்க்கு மருந்தடிக்க வேண்டியிருந்தது.

அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தும் ஷெரின், வருடாவருடம் கண்மாய்களில் பறவை எண்ண வருகிறவர். மரத்தாரா வீட்டு வாத்தைப்போல் தரையில் முட்டையிடாது, பழுத்த மரத்தின் பொந்துதான் அதற்கு வேண்டும், ஒரு மருதத்தில் அப்படிப் பொந்து விழ நூறு வருடமாகும், சீமைக்கருவை எத்தனை வருடம் நின்றாலும் அதில் விழாது என்று டீக்கடையில் எல்லோருக்கும் விளக்கினார். தேக்குப் பலகையில் பெட்டி செய்து பனைமரங்களில் அடித்தும் பார்த்தார். பெட்டிகளில் மைனாக்கள் குடியேறின. தாராக்கள் காற்றுக்குள்தான் போயின. பொந்தைக் காப்பாற்றச் சொல்லி அவர் எழுதிய மனுவுக்கு, மரம் இருந்தால் பரிசீலிக்கலாம் என்று பதில் வந்தது.

இரண்டாம் வருடம் ஒரு நீண்ட கழியால் அளந்தபோது பொந்து இருபத்தோரு அடியில் இருந்தது. மூன்றாம் வருடம் பதினேழு. தாங்க மரமில்லாததால் அது வருடத்துக்கு நாலடி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வருடம்தான் அய்யப்பன் முட்டை எடுக்க ஆசைப்பட்டு, ஏணி போட்டு ஏறி, பத்தடி மூங்கிலை உள்ளே விட்டுத் துழாவினார். வெளியே இழுத்தபோது மூங்கில் ஏழடிதான் இருந்தது. முனை ரம்பத்தால் அறுத்ததுபோல் வழவழவென்றிருந்தது, புதுத்தூள் ஒட்டியிருந்தது. காதை வைத்துக் கேட்டவர்கள், உள்ளே வெகு தூரத்தில் மிசின் ஓடுகிற சத்தம் கேட்கிறது என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் ஏணி போடவில்லை. ரோட்டை அகலப்படுத்தப் பந்தல்குடிப் பக்கம் வெட்டிய புளியமரங்களும் பூமிநாதன் அறுத்தவைதான். அவை நின்ற இடங்களில் போகிற லாரிகளின் தார்ப்பாயில் தட்டு அகலத்துக்கு வட்டமாக வெட்டு விழத் தொடங்கியது. டிரைவர்கள் அந்த இடங்களைத் தெரிந்துகொண்டு ஒதுங்கி ஓட்டினார்கள்.

தாராக்கள் குறைந்தன. பதினாலு ஜோடி வந்த கண்மாய்க்கு ஏழு வந்தது, பிறகு மூன்று. 2023 மார்கழியில் ஒரே ஒரு ஜோடி. அப்போது பொந்து ஐந்தடி உயரத்தில் இருந்தது. அடுத்த வருடம் ஓரடிக்கு வந்துவிடும், கீரியும் நாயும் வாய் வைக்கும், அதற்கடுத்த வருடம் மண்ணுக்குள் போய்விடும் என்று ஷெரின் கணக்குச் சொன்னார். குஞ்சு இறங்க வேண்டிய நாளன்று அவர் விடியும்போதே வந்துவிட்டார். மழை பொய்த்து, கண்மாயில் மடைக்கருகே மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. தாய்த்தாரா கீழே நின்று கூப்பிட்டது. ஒரு மணி நேரம் கூப்பிட்டும் ஒரு குஞ்சும் வரவில்லை.

பூமிநாதன் அன்றும் வந்திருந்தார். ஐந்து வருடமாக அந்த நாளில் வேலைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, நரிக்குடி பஸ்ஸில் வந்து, தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கிட்டே வந்தார்.

"உள்ள சத்தம் கேக்குதா டீச்சர்?"

"கேக்குது. ஆனா ரொம்ப உள்ள இருக்கு. ஏற முடியல போல."

"கைய விட்டா எட்டும்."

"அய்யப்பன் மூங்கிலப் பாத்தீங்கள்ல?"

"அது திருட வந்த மூங்கிலு" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டினார் பூமிநாதன்.

வலது கையை விட்டார். கை முழங்கை வரை மறைந்தது. முதல் குஞ்சை எடுத்து ஷெரினிடம் நீட்டினார். பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தது, ஆனால் உயிர் இருந்தது. இரண்டாவதற்கு இன்னும் உள்ளே எட்ட வேண்டியிருந்தது. எட்டாவது குஞ்சு வந்தபோது அவர் கன்னம் காற்றில் அழுந்தியிருந்தது. எட்டையும் கூட்டிக்கொண்டு தாய்த்தாரா தண்ணீருக்குப் போனது. உள்ளே இன்னும் ஒன்று கத்தியது. பூமிநாதன் மறுபடி தோள் வரை கையை விட்டார். இந்தமுறை எடுக்கவில்லை.

"இருக்கு டீச்சர். கைக்குள்ள சூடா இருக்கு. இழுத்தா நெரிஞ்சிரும்" என்றார்.

மத்தியானம் வரை அப்படியே நின்றார். தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் அவரைச் சுற்றி நடந்து பார்த்தார்கள். தோளோடு உடம்பு முடிந்தது, அந்தப் பக்கம் வெயில் மட்டும் அடித்தது. இழுத்தால் மூங்கில் கதைதான் என்று அய்யப்பன் சொன்னதும், எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்று மணிக்குப் பந்தல்குடியிலிருந்து அவர் மனைவி தங்கலட்சுமி வந்து சேர்ந்தாள். அழவில்லை. தண்ணீர் கொடுத்தாள். துண்டை நனைத்துக் கழுத்தைத் துடைத்தாள்.

"அன்னைக்கு ஒரு தாரா உள்ள போனதப் பாத்தேன் லட்சுமி. லாரி நிக்குதேன்னு அறுத்துட்டேன். அது திரும்பி வரவே இல்ல" என்றார் அவர்.

"என்னமோ நடந்திருக்குன்னு தெரியும். அன்னைக்கு ராத்திரி நீங்க சோறு திங்கல. அதுக்கப்புறம் ஒருநாளும் வயிறாரத் திங்கல."

கரைக்குக் கீழே ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து அவள் அங்கேயே தங்கிவிட்டாள். மூன்று வேளையும் சோறு ஊட்டினாள். பொங்கல் கழிந்தது, வெயில் ஏறியது, ஆடியில் காற்று மண்ணை வாரியடித்தது. அவர் நின்றார். ரேஷன் கார்டில் விலாசம் மாற்றிக்கொடுத்தார்கள். ஆவணியில் அவர் பாதங்கள் கணுக்கால் வரை கரைமண்ணில் இறங்கியிருந்தன. முதுகுத்தோல் பாளம் பாளமாக வெடித்தது. எறும்புகள் ஒரே தடத்தில் ஏறி இறங்கின, அவருக்குக் கூச்சம் தெரியவில்லை.

அடுத்த மார்கழியில் ஷெரின் வந்து அளந்தார். அப்போதும் ஐந்தடி. பொந்து இறங்கவில்லை. ஆறு ஜோடி வந்தது. அதற்கடுத்த வருடம் பதினேழு. பூமிநாதன் தோளில் காலூன்றி, காதை உரசிக்கொண்டு உள்ளே போயின. குஞ்சுகள் அவர் தலையில் ஏறி நின்று எட்டிப் பார்த்துவிட்டுக் குதித்தன. நரிக்குடி பஸ்ஸில் போகிறவர்கள் முதலில் எழுந்து நின்று பார்த்தார்கள். இப்போது போனைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

போன தை மாதம், எல்லாக் குஞ்சுகளும் இறங்கி முடித்த ஒரு காலையில், தங்கலட்சுமி கஞ்சியை ஊட்டிக்கொண்டே அவரிடம் கேட்டாள்.

"இம்புட்டு இறங்கிருச்சே. அந்த ஒண்ண விட்டுட்டுக் கைய எடுத்துப் பாக்குறீகளா?"

அவர் வாயிலிருந்ததை மென்று விழுங்க வெகுநேரம் பிடித்தது.

"நான் விட்டு ரெண்டு வருசமாச்சு லட்சுமி. அதுதான் கையப் பிடிச்சிருக்கு."

தங்கலட்சுமி மீதிக் கஞ்சியையும் ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டு, வெயில் முகத்தில் படாதபடி குடையை அவர் இடுப்புக் கயிற்றில் செருகினாள். பிறகு, மத்தியானத்துக்குக் காய் வாங்கப் போகப் பத்து மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கரையிலிருந்து இறங்கி நடந்தாள்.