கைராசி

"உன் கைராசி இருக்கிறவரைக்கும் அப்பா நம்மளைத் தனிக்குடித்தனம் போக விடமாட்டார்," என்று கணவன் முணுமுணுத்தான். "அப்ப ராசியைக் கெடுத்துட்டாப் போச்சு," என்று அவள் சிரித்தாள். இது போன மாதத்துப் பேச்சு.

மாமனாரின் நாற்றுப்பண்ணையில் ஹேக்பெர்ரி நிழல்மரங்களுக்குத்தான் கிராக்கி. தெருவோரத்துக்கு ஒடுங்கி நேராக வளரும் ரகம், பூங்காவுக்குப் பூச்சியால் இலையில் முடிச்சு விழாத ரகம் என்று எல்லாமே ஒட்டுக்கன்றுகள். மற்றவர்கள் கட்டும் ஒட்டுகளில் பாதி காய்ந்துவிடும். அவள் கட்டினால் பிடித்துக்கொள்ளும். அதனாலேயே கல்யாணமான நாள்முதல் ஒட்டுக்கொட்டகையும் கூட்டுக்குடும்பத்துச் சமையலறையும்தான் அவள் உலகம். புருஷனோடு தனியாக உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிக்கக்கூட இடமில்லை.

இந்த முறை ஒட்டுகளைத் தளர்வாகக் கட்டத்தான் நினைத்தாள். விரல்கள் பழக்கத்தில் இறுக்கிவிட்டன போலும்.

இன்று மாமனார் வாயெல்லாம் பல்லாகக் கொட்டகைக்குள் வந்தார்.

"அத்தனையும் துளிர்த்திருக்கும்மா! உன்னைப் போய் வெளிய அனுப்புவேனா?"

பக்கத்தில் நின்ற கணவன் தொட்டிகளைப் பார்த்துக் குனிந்துகொண்டான். இனி புருஷனும் வாய் திறக்கப்போவதில்லை, ஒட்டும் காயப்போவதில்லை என்று அவளுக்குப் புரிந்தது. ஒட்டுக்கத்தியை மடக்கி வைத்தாள்.

"மாமா, வேலைக்கு தினமும் வந்துடறேன். ஆனா எங்க ரெண்டு பேருக்கும் தனியா ஒரு வீடு வேணும்."