காலஞ்சென்ற பேராசிரியர்

பெல்கிரேட் செய்தித்தாள் இத்தாலியின் திரியெஸ்தே நகருக்கு வந்துசேரப் பத்து நாளாகும். வந்ததும் வுகாஷின் இரங்கல் அறிவிப்புகளைத்தான் முதலில் படிப்பார். ஒரு காலத்தில் கல்வி மந்திரி, பெரிய வரலாற்றறிஞர். போர் முடிந்து ஆட்சி மாறியபின் ஊர் திரும்பினால் தூக்கு. அந்தப் பக்கத்தில் மட்டும்தான் பொய் எழுத மாட்டார்கள் என்பது அவர் கட்சி.

"என்ன மந்திரி ஐயா, இன்னிக்கு யாரு டிக்கெட் வாங்கிட்டாங்க?" என்று கேட்டான் காபிக்கடை ஸ்பாசோயே. அவனும் ஓடி வந்த செர்பியன்தான்.

கறுப்புக் கட்டத்துக்குள், படத்தில் தாரிங்கா சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள். பிரிந்து மூன்று வருஷத்தில் ஒரு கடிதம்கூட எல்லை தாண்டவில்லை. பெண்டாட்டி செத்ததைப் பேப்பரில் பார்த்தா தெரிந்துகொள்ள வேண்டும், பாவி மனுஷன்! 'காலஞ்சென்ற பேராசிரியர் வுகாஷினின் மனைவி' என்று போட்டிருந்தது. துக்கத்தில் இருப்பவர் என்று ஒரே பெயர்: மகள் நெவெங்கா.

"நான் பெத்த பொண்ணு... என்னையும் சேத்துப் பொதைச்சிட்டாளே!"

அடுத்தவர் புத்தகத்தில் ஒரு தேதி தப்பினாலும் நாலு பக்கம் மறுப்பு எழுதுகிற ஆள், இதை விடுவாரா? பாரிஸில் வரும் அகதிகள் பத்திரிகைக்குக் காபிக்கடையிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்: 'நான் உயிரோடு இருக்கிறேன். தாரிங்காவின் கணவன் நான்.'

ஸ்பாசோயே அந்தத் தாளின் மேல் கையை வைத்தான். "நெவெங்கா பள்ளிக்கூடத்துல டீச்சர்தானே ஐயா?"

"அதுக்கென்ன இப்போ?"

"ஓடிப்போன மந்திரி மகளுக்கு யாரு வேலை குடுப்பா? அப்பா செத்துட்டார்னு அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்திருக்கும். இது அச்சுல வந்தா நாளைக்கே கூப்பிட்டு விசாரிப்பாங்க. உள்ளயும் வச்சிருவாங்க."

"அப்போ என் பொண்டாட்டிக்கு நான் அழக்கூடாதா?"

"அழுங்க ஐயா. பேரு போட்டு அழாதீங்க."

வுகாஷின் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எழுதியதை ஒருமுறை வாசித்தார். பிறகு நாலாய்க் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்கு நடந்தார்.

அங்கே மெழுகுவர்த்தி ஏற்ற இரண்டு தட்டு. மேல்தட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ்த்தட்டு இறந்தவர்களுக்கு. தாரிங்காவுக்குக் கீழே ஒன்று ஏற்றினார். இன்னொன்றையும் ஏற்றி அதன் பக்கத்திலேயே நட்டார்.

"ரெண்டாவது யாருக்கு ஐயா?" என்று கேட்டார் மணியடிக்கிறவர்.

"நெவெங்காவோட அப்பாவுக்கு."