சுவர்ப்பெட்டிக்கு அந்தப் பக்கம்

கணவனை அடக்கம் செய்த மறுநாள் காலையிலேயே அவள் வேலைக்குக் கிளம்பினாள். நாத்தனார் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மண்ணு ஈரம்கூடக் காயல, அண்ணி. நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"பேசட்டும். உங்கண்ணன் ஏத்தி வச்ச வைரஸை இன்னைக்கு எடுக்கணும், விட்டா வீணாப்போயிடும். அந்த நாலு பேர் வந்து எடுப்பாங்களா?"

கோழித் தடுப்பூசிக் கூடத்தில் அவளுக்கும் கணவனுக்கும் வேலை. அவள் சுத்தப் பக்கம். முட்டைக் கருவிலிருந்து பிரித்த செல்களைக் குடுவைகளில் ஊட்டி வளர்ப்பாள். குடுவையின் அடி முழுக்கச் செல்கள் படர்ந்ததும் சுவரில் பதித்த பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவாள். அதன் பிறகுதான் மறுபக்கக் கதவு திறக்கும். அங்கே அவன் நிற்பான். பண்ணை பண்ணையாகக் கோழிகளைச் சாய்க்கிற வைரஸை அந்தச் செல்களில் ஏற்றுவான். குடுவை மாற்றிக் குடுவை வளர்த்து அதன் கொட்டத்தை அடக்கினால்தான் தடுப்பூசி. அதற்காகவே மாதக்கணக்கில் மெனக்கெட்டான்.

"பெத்த பிள்ளை மாதிரி வளர்த்துத் தரேன், கொன்னு போடறியே" என்பாள். கூடத்தில் அவனுக்கு எமன் என்றே பெயர். அந்த எமனைத்தான் தெருமுனையில் ஒரு லாரி அடித்துப் போட்டது.

உடை மாற்றும் அறை வாசலில் மேலாளர் எதிர்ப்பட்டார்.

"நீங்க ஏம்மா வந்தீங்க? அந்தக் குடுவையெல்லாம் அழிக்கச் சொல்லிட்டேன். பாத்துக்க ஆள் இல்ல."

"நான் இருக்கேன். ரெண்டு பக்க வேலையும் சேர்ந்துதான் கத்துக்கிட்டோம்."

"வைரஸைத் தொட்டா உங்க செல் பக்கம் திரும்ப விடமாட்டேன். அது இங்க விதி."

"திரும்பறேன்னு சொன்னேனா?"

வைரஸ் பக்கத்து உடையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

குடுவைகள் தள்ளுவண்டியில் ஏறியிருந்தன, நல்லவேளை, அவித்து அழிக்கும் கொப்பரைக்குள் இன்னும் போகவில்லை. அவனுடைய நாற்காலி அவளுக்கு உயரம். நுனியில் தொற்றிக்கொண்டு நுண்ணோக்கியில் பார்த்தாள். அவள் வளர்த்த செல்கள் உருண்டு, பிடிவிட்டு மிதந்தன. அடித்தளம் முக்கால்வாசி வழுக்கை. வைரஸை எடுக்கச் சரியான பதம். இத்தனை காலம் கதவுக்கு அப்பால் இவன் பார்த்தது இதைத்தானா? கண்ணைத் துடைக்கக் கையுறை விடவில்லை. வழிந்தால் வழியட்டும் என்று வைரஸை எடுத்தாள். பாதியை உறைய வைத்தாள். மீதியை ஏற்றப் புதுச் செல்கள் வேண்டும்.

சுவர்ப்பெட்டிக் கதவைத் தட்டினாள்.

"யாரு அங்க?" சுத்தப் பக்கத்துத் தோழியின் குரல் நடுங்கியது. "அந்தப் பக்கம் ஆளே இல்லன்னாங்களே!"

"எமன் பொண்டாட்டி. குடுவையை வைடி."