மந்திரிக்காத வள்ளம்

காலையிலிருந்தே ரபாயேலுக்கு உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. வள்ளம் வாங்கப் போவது அவன். யோசனை சொல்ல மட்டும் வீட்டில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

எண்பத்து மூன்று கலவரத்தில் மாத்தளை எரிந்தபோது யாரோ இரும்புக் கம்பியால் அடித்து அவனுடைய வலது தோளை உடைத்துவிட்டார்கள். அந்தக் கை சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவே திணறும். துடுப்புப் பிடிக்க எங்கே போவது? நாலந்தா நீர்த்தேக்கத்தில் வலை போட வேண்டுமென்றால் பெண்டாட்டியின் தம்பி நோபர்ட் வந்து வலித்தால்தான் உண்டு. அவனோ வெயில் ஏறிய பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவான். நல்ல மீனாகப் பொறுக்கிக்கொள்வான். போகிற வழியில் தேத்தண்ணிக் கடையில் நின்று, "நான் இல்லாட்டி மச்சான் கரையில ஒக்காந்து தவளை பிடிக்கணும்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிச் சிரிப்பான்.

நாட்டில் நடந்த சண்டையால் வெள்ளைக்காரர்கள் வரவு நின்றுபோய், தண்ணீர்க்கரை விடுதி ஒன்றை மூடிவிட்டார்கள். பழைய சாமான் வாங்கி விற்கும் ஜமால்தீன் அங்கிருந்து இரண்டு வள்ளங்களைக் கொண்டுவந்திருந்தார். கயாக் என்று பெயராம். இரண்டிலும் சைக்கிள் பெடல் பூட்டியிருந்தது. காலால் மிதித்தால் ஓடும். அதைக் கேள்விப்பட்டதும், இனி எவனையும் கும்பிட வேண்டியதில்லை என்று ரபாயேல் நினைத்தான்.

ஒன்று ஒடுக்கமாய், சிவப்புச் சாயம் மினுங்க, விலாங்கு மீன் மாதிரிக் கிடந்தது. மற்றது இரண்டு வள்ளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலே பலகை அடித்த அகலமான சாமான். பார்க்கச் சகிக்காது.

"தண்ணீல போட்டுப் பாரு, ரபாயேல். டேம் பக்கத்துல தானே" என்றார் ஜமால்தீன்.

அவன் பெண்டாட்டி லூசியா குறுக்கே விழுந்தாள். "வேணாங்க. மந்திரிக்காத வள்ளத்தத் தண்ணீல எறக்கக் கூடாது. ஞாயித்துக்கெழம ஃபாதர் வருவாரு."

"அப்ப ரெண்டையும் மந்திரிச்சிப் பாப்போம்" என்றான் ரபாயேல்.

"வாங்காத சாமானுக்கு ஃபாதரக் கூப்பிட்டா அவரு என்ன நெனப்பாரு?"

நோபர்ட் அதற்குள் சிவப்பு வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டான். "பாருங்க மச்சான், அசையவே இல்ல."

மண்ணில் கிடக்கிற வள்ளம் எப்படி அசையும்? ரபாயேல் அதைக் கேட்க வாயெடுத்தான். நோபர்ட் அகலமானதைக் காட்டி, "அது நொண்டிக்குச் செஞ்ச மாதிரி இருக்கு. ஒங்களுக்கு அதுதான் தோது" என்றான்.

"செவப்பத் தூக்குங்க" என்றான் ரபாயேல்.

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். வள்ளம் வழுக்கிக்கொண்டு போனது. வலையை இழுக்கும்வரை எல்லாம் சரி. அவனுக்கு இருந்தது இடது கை ஒன்றுதான்; உடம்பு முழுவதையும் இடப்பக்கம் சாய்த்துத்தான் இழுக்க முடியும். இழுத்தான். வள்ளம் குப்புறக் கவிழ்ந்தது. நோபர்ட் நீந்தி வந்து சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டான்.

"மந்திரிச்சதாலதான் உசிரோட வந்தீங்க" என்றாள் லூசியா.

வாயைத் திறந்தால் ரபாயேலுக்குக் கெட்ட வார்த்தைதான் வரும். ஈரச் சட்டையோடு சிவப்பு வள்ளத்தைக் கைவண்டியில் ஏற்றி ஜமால்தீன் வாசலில் கொண்டுபோய்த் தள்ளினான்.

"தண்ணீல போட்டுப் பாருன்னு நான் அன்டைக்கே சொன்ன தானே..." என்று தொடங்கினார் ஜமால்தீன்.

"சொன்னீங்க, ஜமால்தீன் நானா. இப்ப ஒன்னும் சொல்லாதீங்க. மத்தத மாத்திக் குடுங்க."

அவன் முகத்தைப் பார்த்த ஜமால்தீன் அகலமானதை இறக்கிக் கொடுத்தார்.

கரையில் லூசியா வழியை மறித்து நின்றாள். "அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறுங்க."

"அதுவரைக்கும் ஃபாதரா வலை இழுப்பாரு? தள்ளு."

வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளி ஏறினான். இடது விளிம்பில் இரண்டு காலையும் ஊன்றிக் குதித்தான். விளிம்பு தாழ்ந்தது, மேலே வந்தது. கவிழ்ந்தபோது கைவிட்டுத் தண்ணீருக்குள் கிடந்த வலைக் கயிற்றை எட்டிப் பிடித்து முழுப் பாரத்தோடு இழுத்தான். சாய்ந்ததே தவிர, கவிழவில்லை. இன்னும் ஆத்திரத்தோடு இழுத்தான். அப்போதும் நின்றது.

நோபர்ட் இடுப்பளவு தண்ணீரில் வந்து விளிம்பைப் பிடித்தான். "நானும் வாறேன் மச்சான். தனியாப் போகாதீங்க."

"கைய எடு."

"ஒங்க நல்லதுக்குத்தான்..."

"கைய எடுடா."

எடுத்தான். ரபாயேல் மிதித்தான். கரையில் லூசியா ஜெபமாலையை எடுத்து உரக்கச் சொல்லத் தொடங்கினாள். சொல்லட்டும். அவன் கோபம் இன்னும் தணியவில்லை. அது தொடையில் இறங்கிப் பெடலைச் சுழற்றிக்கொண்டிருந்தது.