முப்பத்தேழாம் எண் தாள்

...உணர்வார் என்று எழுதக்கூடாது, அறிவார் கூடாது, புரிந்துகொள்வார் கூடவே கூடாது, கண்ணால் பார்க்கிற மாதிரி, விரல் விட்டு எண்ணுகிற மாதிரி இருக்க வேண்டுமாம், மாணவர் பட்டியலிடுவார், பெயர் எழுதுவார், அடையாளம் காட்டுவார், செய்து காட்டுவார்... ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தார் திட்டத்தின் பலனை எப்படி எழுதுவது என்று ஃபேக்ஸில் ஒரு முழுப் பக்கத்துக்கு இப்படி அடுக்கி அனுப்பியதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து நேசம்மா மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பார்த்துப் பார்த்து வீட்டில் சோறு வடிக்கும்போதுகூட இது அளக்கக்கூடிய வேலைதானா என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் கடைவரிசையின் மூன்றாம் மாடியில் ஒரு கல்லூரி, அதில் மாணவர் நல அதிகாரி என்று பலகை மாட்டிய ஓர் அறை, வெளியே பகல் இரண்டேகால் மணிக்கு வெளிச்சம் பழுத்த மஞ்சளாக இருக்கிறது, காட்டுத்தீயால் இந்தப் புகைமூட்டம் வந்ததிலிருந்து சூரியன் எங்கே என்றே தெரியவில்லை, எதிர்ப்பக்கத்து ரயில்வே குவார்ட்டர்ஸ் போன வாரம் வரை அங்கேதான் இருந்தது, இன்றைக்கு அது இருக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. மூன்று மணிக்குச் சின்னையா வந்து ஃபைலை வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போக வேண்டும், அங்கே கூரியர்காரன் நாலு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவான், திங்கட்கிழமை ஃபைல் ஆஸ்திரேலியாவில் சேரவில்லை என்றால் அடுத்த ஆண்டு அவர்களோடு சேர்ந்து நடத்தும் இரட்டைப் பட்டப் படிப்பு கிடையாது, படிப்பு இல்லையென்றால் கல்லூரி கிடையாது, கல்லூரி இல்லையென்றால் அவளுடைய பதினோரு வருட வேலை... பேனாவின் தலையை டக் டக்கென்று அமுக்கினாள். யோசிக்கும்போது அவளுக்கு அது ஒரு பழக்கம், பக்கத்து அறை டைப்பிஸ்ட் பலமுறை பல்லைக் கடித்திருக்கிறாள்.

தோழமைத் திட்டம், அதுதான் அவள் பெற்ற பிள்ளை. விடுதிக்கு வரும் புதுப் பிள்ளைகள் அறுபது பேர், ஒவ்வொருவருக்கும் மூத்த மாணவர் ஒருவர் துணை, சனிக்கிழமை தேநீர், இரண்டு மாதம் கழித்து ஒரு கேள்வித்தாள். பிள்ளைகள் தனிமையாக உணரமாட்டார்கள் என்று முதலில் எழுதிக்கொண்டு போனபோது பிரின்சிபல் விநாயகமூர்த்தி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “ஃபீலிங் எல்லாம் கந்தசாமி கோயில்ல வச்சிக்குங்க நேசம், நமக்கு நம்பர் வேணும்” என்றார். சரி, நம்பர். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் ஒரு வாக்கியம் செய்தாள், இரண்டாம் மாத முடிவில் புதிய மாணவரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், தமக்குச் சங்கடம் வந்தால் போய்ப் பேசக்கூடிய ஒருவரின் பெயரை எழுதுவார்கள். எழுதுவார்கள், பார்க்கலாம், எண்ணலாம். விநாயகமூர்த்தியே கை கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு விதியும் செய்தாள், யாரும் இல்லை என்று எழுதுகிறவர்களையும் தாளையே கொடுக்காதவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுவது என்று. நல்ல விதிதான், அதைச் செய்தவளும் அவள், அதன் கழுத்தை நெரித்தவளும் அவள்... இல்லை, இப்போது அதை யோசிக்க நேரமில்லை, தாள்களை எண்ணிக் கட்டி அறுபது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணினாள். அறுபத்தொன்று. எச்சில் தொட்டு மறுபடி எண்ணினாள். அறுபத்தொன்று.

மே மாதம் வந்த தாள்கள் ஐம்பத்து மூன்று. ஏழு பேர் கொடுக்கவில்லை. ஏழு பேரைத் தேடிப் பிடித்து உட்கார வைத்துப் பேசுவதென்றால் இரண்டு வாரம் ஆகும், அறிக்கையோ மறுநாள் காலை பிரின்சிபல் மேசைக்கு வர வேண்டும், அப்போது அவளுக்கு மார்க்கிரட் ஞாபகம் வந்தாள், அவளுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவள், வேலையை விட்டுப் போகும்போது சாவிக்கொத்தோடு ஒரு புத்திமதியும் கொடுத்துவிட்டுப் போனவள். “கொறையிற ஃபார்ம நாமே ஃபில் பண்ணிடணும் லா, மூணு கலர் பேனா வச்சுக்க, ஒரு ஃபார்ம்ல கோப்பிக் கறை படட்டும்.” எல்லா ஆபீஸிலும் நடக்கிறதுதான், ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள். கதவைத் தாழிட்டாள், பதிவு அட்டைகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், எழுத்தைப் பார்த்து எழுத்து, கையெழுத்தைப் பார்த்துக் கையெழுத்து, அதில் அவளுக்கு ஒரு கை வாய்த்திருந்தது, அதைச் சொல்லிக்கொள்ள வெட்கம்தான். அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு யாழ்ப்பாணத்துச் சின்னம்மாவுக்கு அம்மாவின் எழுத்திலேயே இவள்தான் ஏரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள், அம்மா செத்த பிறகும் இரண்டு எழுதினாள், நோயாளிச் சின்னம்மா அதிர்ச்சி தாங்கமாட்டாள் என்று. இரண்டாவதற்குச் சின்னம்மா பதில் போட்டிருந்தாள், அக்கா உன்ரை எழுத்து இப்ப நல்லாத் தெளிஞ்சிட்டுது, உடம்பு தேறிட்டுது போலை என்று. அதைப் படித்த அன்றைக்கு நேசம்மா இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. செத்தவர்களுக்கு உடம்பு தேற்றிவிட்ட கை இது, ஏழு பிள்ளைகளுக்கு ஒரு பெயர் எழுதித் தருவதா பெரிய காரியம். ஏழு தாளிலும் சங்கடம் வந்தால் யாரிடம் போவீர்கள் என்ற இடத்தில் திருமதி நேசம்மா என்று எழுதினாள். வேறு யார் பெயரை எழுதியிருக்க முடியும்...

அறுபத்தொன்று என்றால் யாரோ ஒருவருக்கு இரண்டு தாள். ஒவ்வொன்றாக எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தாள், முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தேழு. சீதாலெட்சுமி த/பெ நாகையா. வேறு எந்த எண்ணாவது வரக்கூடாதா என்று அவள் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள், அது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. இரண்டு தாளையும் கண்ணாடி மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் நீலப் பேனா, இரண்டிலும் திருமதி நேசம்மா, இரண்டின் அடியிலும் தமிழில் அந்தப் பெண் போடும் கையெழுத்து, கொம்பு கொஞ்சம் அதிகமாகவே வளைந்த லெ. ஒன்று தன் கையால் எழுதியது. மற்றது? வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள், அந்தக் காய்ச்சல்கார வெளிச்சத்தில் இரண்டு தாளும் மஞ்சள். தன் கையெழுத்து தனக்குத் தெரியாதா? அம்மாவின் எழுத்தை எழுதியவளுக்குத் தன் எழுத்து எது என்று எப்போதாவது தெரிந்திருக்கிறதா?

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிப் பையோடு விடுதியை விட்டு இறங்கிய சீதாலெட்சுமி எஸ்டேட்டுக்குப் போய்ச் சேரவில்லை. போலீஸ் ரிப்போர்ட் செய்தார்கள், பேப்பரில் படம் வந்தது, பத்துமலையில் பார்த்ததாக ஒருவர், போர்ட் கிள்ளானில் பார்த்ததாக ஒருவர், அவ்வளவுதான். நாகையா வந்திருந்தார், ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிப் பாலெடுக்கிறவர், வெள்ளைச் சட்டையின் மடிப்புக் கலையாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பாப்பா இங்கே யாரிடமாவது ஏதாவது சொல்லியிருக்கிறாளா அம்மா என்று கேட்டார். அப்போது என்ன பேய் பிடித்ததோ, நேசம்மா ஃபைலைத் திறந்து முப்பத்தேழாம் எண் தாளை உருவி அவரிடம் நீட்டினாள், இதோ பாருங்கள், உங்கள் மகளுக்கு இங்கே ஆள் இருந்தது, குறை ஒன்றும் எழுதவில்லை என்று. அவர் இங்கிலீஷைத் தாண்டிக் கீழே வந்து கையெழுத்தில் நின்றார், விரலால் அதன் மேல் தடவினார். “பாப்பா எழுத்துதாங்க. லெக்குக் கொம்ப இப்பிடித்தான் வளைப்பா, நான் எத்தினியோ வாட்டித் திட்டியிருக்கேன்.” பிறகு தாளை விடாமலே, “இத நான் எடுத்துக்கட்டுமாங்கம்மா?” என்றார். கல்லூரி ரெக்கார்டு, கொடுக்க முடியாது என்றாள் நேசம்மா. பாவம் மனுஷன், என் எழுத்தைப் போய்த் தடவுகிறாரே என்று அன்றைக்கு நினைத்தாள். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. ஒருவேளை அவர் சொன்னது சரியாக இருந்தால்? பெற்றவனுக்குத் தெரியாதா? அவர் தடவியது அவர் மகளின் எழுத்தாகவே இருந்துவிட்டால், அந்தத் தாள் இந்த அறைக்குள் எப்படி வந்தது?

மின்விசிறி. மே மாதம் அந்த ஏழு தாளை எழுதிய அன்றைக்கு மின்விசிறி மூன்றாம் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, எழுதி முடித்து எழுந்தபோது கதவோரம் தரையில் ஒரு தாள் கிடந்தது, காற்றில் பறந்துவிட்டதாக்கும் என்று பொறுக்கிக் கட்டோடு சேர்த்தாள், எண்ணிப் பார்க்கவில்லை, ஐம்பத்து மூன்றும் ஏழும் அறுபது, அதற்கு எண்ணுவானேன். அதற்கு முன்னால்... அதற்கு முன்னால் கதவு தட்டப்பட்டது. ஆமாம், தட்டப்பட்டது. இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, பிறகு சங்கோஜத்தோடு ஒரே ஒரு தட்டு. மேசை முழுக்க மூன்று கலர் பேனாவும் பதிவு அட்டைகளும் பரப்பிக் கிடந்தன, எப்படித் திறப்பாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், போய்விட்டார்கள். யாரோ விடுதிப் பணம் கேட்க வந்த பிள்ளை என்று நினைத்தாள். இல்லை, அப்படி நினைத்ததாக இப்போது நினைத்துக்கொள்கிறாள். சங்கடம் வந்தால் யாரிடம் போவீர்கள் என்று கேட்டவள் அவள், அந்தப் பெண் எழுதியும் விட்டாள், எழுதியபடி வந்தும் விட்டாள். நூற்றுக்கு நூறு. ஆஸ்திரேலியாக்காரன் பட்டியலில் தட்டுவார் என்று ஒரு வினை இல்லை, இருந்திருக்கலாம், அதை எண்ணலாம், மூன்று தட்டு.

மணி இரண்டு ஐம்பது. ஒன்றைக் கிழித்துப் போட்டால் அறுபது, கணக்குச் சரி, எதைக் கிழித்தாலும் கேட்க ஆளில்லை. கிழிக்க ஒரு தாளைத் தூக்கவும் செய்தாள், கை வரவில்லை. தான் எழுதியதைக் கிழித்தால் ஒரு பொய் குறையும், அவ்வளவே. அந்தப் பெண் எழுதியதைக் கிழித்துவிட்டால்? அவள் இந்த உலகத்தில் கடைசியாக எழுதியது அதுவாகவே இருந்துவிட்டால்? ஒரு மனுஷன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து அதைக் கேட்டாரே... கண்டுபிடிக்க வழி ஒன்று இருக்கிறது, அது அவளுக்கு இவ்வளவு நேரமும் தெரியும். தாளின் பின்பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு, அதையும் அவள்தான் வைத்தாள், கடைசியாக அவரிடம் எப்போது போனீர்கள், என்ன நடந்தது என்று. பின்பக்கத்தை யாரும் கூட்டுவதில்லை, அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை, அதனால் தன் ஏழு தாளிலும் அதை வெறுமையாக விட்டிருந்தாள். திருப்பினால் போதும். பேனாவை டக் டக்கென்று அமுக்கிக்கொண்டே இருந்தாள், கல்யாண வீட்டில் சாப்பிட்ட இலையை மூடுவதற்குக்கூட இதைவிடச் சீக்கிரம் கை போகும்.

இடது பக்கத் தாளைத் திருப்பினாள். வெறுமை. மூச்சு வந்தது, அந்தப் பிள்ளையும் வெறுமையாக விட்டிருக்கலாமே, யார்தான் பின்பக்கம் எழுதுகிறார்கள், அப்படியே இருந்துவிடட்டும் முருகா என்று வலது பக்கத்தையும் திருப்பினாள். பென்சிலில், தமிழில், சுவரில் வைத்து நின்றுகொண்டு எழுதிய மாதிரிக் கோணலாக நாலு வரி. ‘இன்னைக்கு 3 மணிக்கு வந்தேன். கதவு சாத்தியிருக்கு. மேடம் உள்ளதான் இருக்காங்க, பேனாவ அமுக்குற சத்தம் கேக்குது. மறுபடி வரேன்.’

டக். அந்தச் சத்தம் அறைக்குள் தனியாகக் கேட்டது, அப்போதுதான் கட்டைவிரல் இன்னும் அமுக்கிக்கொண்டே இருக்கிறது என்று தெரிந்து அவள் நிறுத்தினாள். எந்தப் பிள்ளை இப்படி எழுதும், கோபம் ஒரு சொல்லில்கூட இல்லையே, திட்டியாவது எழுதியிருக்கக்கூடாதா... மறுபடி வந்தாளா? மே மாதத்திலிருந்து ஜூன் வரை எத்தனை மூன்று மணி, எத்தனை நாள் நான் உள்ளே இருந்தேன், எத்தனை நாள் பாங்குக்கும் காய்கறி வாங்கப் பாசாருக்கும் போயிருந்தேன், தட்டாமலே நின்றுவிட்டுப் போன நாள் எத்தனை, அதை எந்தக் கட்டத்தில் போடுவது? ஜன்னலுக்கு வெளியே தெரு இல்லை, பஸ் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. நாகையாவின் விலாசம் பதிவு அட்டையில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு நேரே போய்விட வேண்டும், இன்றைக்கே, இந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும், ஃபைல் போனால் போகட்டும், வேலை போனால் போகட்டும், அன்றைக்கு என் கதவுக்கு வந்தாள் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும்... சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள், அந்த நினைப்பில் கண்ணில் நீர்கூட வந்தது.

கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, பிறகு ஒரே ஒரு தட்டு.

சின்னையாவாக இருக்கும், மூன்று மணி ஆகிவிட்டதே, ஆனால் சின்னையா எந்தக் காலத்தில் கதவைத் தட்டினார், இரண்டாம் மாடிப் படியிலேயே ஃபைல் ரெடியா மேடம் என்று குரல் கொடுத்துக்கொண்டு கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் அல்லவா, திறந்துதானே இருக்கிறது, உள்ளே வரச் சொல்ல வாயெடுத்து, கதவைப் பார்த்தாள். மேல்தாழ்ப்பாள் போட்டிருந்தது. எப்போது போட்டாள்? சாப்பிட்டுவிட்டு வந்து ஃபைலைத் திறப்பதற்கு முன்னால் எழுந்து போய்ப் போட்டிருக்கிறாள், யாரும் சொல்லவில்லை, தானாகவே. வெளியே நிற்கிறவர் மறுபடி தட்டவில்லை, போகவும் இல்லை, கதவடியில் வெளிச்சக் கோட்டின் நடுவில் நிழல் ஒன்று நின்றது. எழுந்து திறக்க வேண்டும், இதோ எழுந்துவிடுவேன் என்று நினைத்தபடியே நேசம்மா தன் கையைப் பார்த்தாள். அது தாழ்ப்பாளின் பக்கம் போகவில்லை, மேசை மேல் இருந்த இரண்டு தாள்களையும் சத்தமில்லாமல் ஃபைலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தது.