கணுக்காலுக்குள் ஒரு வெளிச்சம்

எங்கள் குடும்பத்துப் பெண்கள் நிமிர்ந்து நடப்பவர்கள். தடுமாறி விழுந்தோம் என்று வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம். அதனால்தான் பதினோரு வருடம் முன்பு மாடிப்படியில் நான் உருண்டபோது, "படி ஈரமா இருந்துச்சு" என்றேன். படியைத் துடைப்பவள் தம்பி மனைவி. பழி அவள் தலையில் விழுந்தது. நான் அதை எடுக்கவில்லை. "அக்கா காலை உடைச்ச மகராசி" என்றுதான் தம்பி இன்றும் அவளை விருந்தாளிகளுக்குக் காட்டுவான்.

அதன் பிறகு அன்று அடிபட்ட கணுக்கால் சமதரையில்கூட மடங்கியது. கடைசியில் சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டேன். துணைக்கு வந்தவளும் தம்பி மனைவிதான்.

முதுகில் மரத்துப்போகும் ஊசியும், கூடவே லேசான மயக்க மருந்தும் போட்டார்கள். இடுப்புக்குக் கீழே கரைந்துபோனேன். துளை வழியே நுழைத்த கேமரா காட்ட, பக்கத்துத் திரையில் என் மூட்டின் உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெண்பாறைகள், பாசிபோல் அசையும் நார்கள், எங்கிருந்தோ ஒரு நிலவொளி. அந்த நீருக்கடியில் நான் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தேன்.

"இதப் பாருங்கம்மா," என்றார் டாக்டர். "உருண்டையா தேஞ்ச எலும்புத் துணுக்கு. சின்ன வயசுலயே பிஞ்சிருக்கு. ஜவ்வு அப்பவே தளர்ந்துபோச்சு. நீங்க சொன்ன ஈரப்படிக்கு ரொம்ப முன்னாடி."

ஒன்பது வயதில், பள்ளி வரிசையில் கால் மடங்கி விழுந்தேன். தள்ளிவிட்டாள் என்று பின்னால் நின்றவளைக் கைகாட்டினேன். அந்தச் சிறுமி நீருக்கடியில் இன்னும் கையை நீட்டியபடியே நின்றாள்.

ஜவ்வை இழுத்துக் கட்டி, துளைகளைத் தைத்து, வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மேல்கூரை மிதந்தது. தம்பி மனைவி போர்வையைச் சரிசெய்தாள்.

"அன்னைக்குப் படி ஈரமா இல்ல," என்றேன்.

"தெரியும் அண்ணி. அன்னைக்குக் குழாயில தண்ணியே வரல. எதை வச்சுத் துடைக்கிறது?"

"அப்ப ஏன்டி வாயே திறக்கல?"

"திறந்தேனே! எங்க அக்கா பொய் சொல்ல மாட்டான்னு உங்க தம்பி குதிச்சார். கல்யாணமாகி ஆறே மாசம். மூடிக்கிட்டேன்."

எனக்கு முகம் சுட்டது.

"அவனுக்குப் போன் போடு."

"இப்பவா? மயக்கம் தெளியட்டும் அண்ணி."

"தெளிஞ்சா சொல்ல மாட்டேன். போடு."

அவள் போனை என் காதில் வைத்துப் பிடித்தாள்.

"என்னக்கா, நல்லபடியா முடிஞ்சுதா?"

"உன் பொண்டாட்டி மேல ஒரு தப்பும் இல்லடா. படி ஈரம்னு பொய் சொன்னது நான்."

அவள் போனை என் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.